பதிவு எண் ஒன்றின் மேல் ஒரு புகார்

புகார் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கட்டைவிரல் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். மொத்தம் பத்தொன்பது படிகள். ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஏறினால் முழங்கால் சாயங்காலம் சும்மா விடாது. பரவாயில்லை. கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதன் மேல் நீல மையில், அடிக்கோல் வைத்து எழுதியதுபோல நேராக, 'பதிவுக் குழு, புகார்ப் பிரிவு' என்று எழுதியிருந்தது.

அப்படி ஒரு பிரிவு உலகத்தில் இருக்கிறது என்று நம்பித் தபால்தலை ஒட்டிய முதல் ஆள். அது யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

புகார் என்றால் யாரும் பயப்படுவார்கள். இவள் மட்டும் ஒன்பது மாதமாகத் தினம் காலையில் தபால்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, மின்சார ரசீதையும் விளம்பரத் தாளையும் எடுத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கியபடி மேலே போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம், இன்றைக்கும் நம்மை யாரும் திட்டவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வாள். திட்டு வாங்குவதற்கு இப்படித் தவம் கிடக்கிறவளை நான் பார்த்ததில்லை என்பார் அவர்.

கட்டைவிரல் என்ற பெயர் தொழிலால் வந்தது. பாதத்தில் அழுத்தம் கொடுத்து வலியைத் தணிக்கிற வேலை. வருகிறவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொள்வார். இவள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, குதிகாலை அதில் ஏந்திக்கொண்டு, இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்காலின் மேல் புழு நகர்கிற மாதிரி மெதுவாக நடத்திக்கொண்டு போவாள். எங்கே கல் மாதிரி இருக்கிறதோ அங்கே நிற்பாள். பிறகு கெண்டைக்கால். இருபது வருஷமாக இதே அறை, கீழே அதே பூட்டுக்கடை.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு செருப்புக் கடையில் வேலை. ஆள் வாசலில் நுழையும்போதே எட்டா ஒன்பதா என்று சொல்லிவிடுவாள். எந்தச் செருப்பும் சேராத கால்கள் சில வரும். அவற்றை அளக்கிற சாக்கில் கொஞ்சம் பிடித்தும் விடுவாள். ஒரு நாள் மேலாளர் பார்த்துவிட்டார். செருப்பு விற்கிறாயா, கால் பிடிக்கிறாயா என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, இரண்டாவதுதான் என்று சொல்லி அந்த வாரமே நின்றுவிட்டாள். இரண்டு வருஷம் முறையாகப் படித்தாள். கடையிலிருந்து அவள் கொண்டுவந்தது ஆறு காலிச் செருப்புப் பெட்டிகள் மட்டும். வருகிறவர்களின் அட்டைகள் இன்றும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கின்றன.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி 'பாத வைத்தியம்' என்று பலகை மாட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். சர்க்கரை நோய்க்காரர் ஒருவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னான். அவர் நிறுத்தினார். காலில் வந்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அன்று ராத்திரியோடு பலகையும் ஆளும் காணோம். அவன் ஓடிவிட்டான். கெட்ட பெயர் மட்டும் ஓடாமல் இங்கேயே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் உறவுக்காரர் வீட்டில் ஒரு கூட்டம். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் வீட்டுக்காரரின் சித்தப்பா இலேசாகக் கேட்டார்:

"நீயும் கால்தானேம்மா பாக்கறே? இதுவரைக்கும் எத்தனை விரல் எடுத்திருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா கெட்டவர் இல்லை. அவர் முதுகுக்கு இவள்தான் ஆள் பார்த்துக் கொடுத்திருந்தாள். அதனாலேயே அது சுருக்கென்று தைத்தது.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் சுரங்கம் மாதிரி இருட்டுக் கிணறுகளில் தொங்குகிறவர். திரும்பி வரும் வழியில் அவர் சொன்னார்:

"எங்க லிஃப்டுக்குள்ள ஒரு தாள் தொங்கும் பாத்திருக்கியா? இன்னார் சோதிச்சார், இன்ன தேதின்னு. ஒருத்தரும் படிக்கறதில்ல. ஆனா அது இல்லேன்னா ஏறுறவன் ஒரு காலை வெளியவே வெச்சுட்டு யோசிப்பான். உங்க ஆளுங்களுக்கு அந்தத் தாளை யாரு குடுக்கறாங்க?"

யாரும் கொடுப்பதில்லை. சட்டமும் கேட்பதில்லை. டாக்டருக்குப் பதிவு உண்டு, நர்ஸுக்கு உண்டு, மருந்துக்கடைக்கு உண்டு. கால் பிடிக்கிறவருக்கும் முதுகு பிடிக்கிறவருக்கும் ஒரு பலகையும் ஓர் ஆணியும் இருந்தால் போதும்.

"அப்ப நாங்களே குடுத்துக்கறோம்" என்றாள்.

"தனக்குத் தானே சர்டிபிகேட்டா? நல்லாருக்கே. நாளைக்கே எனக்கும் ஒண்ணு எழுதிக்கறேன், நல்ல புருஷன்னு."

"அதுக்குத்தான் வெளியாள் ஒருத்தரைக் கூட வெச்சுக்கப் போறோம். உங்க சர்டிபிகேட்டை நானில்ல எழுதணும்."

ஊரிலிருந்த மற்றவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். கடைசியில் ஏழு பேர் தேறினார்கள். ஊசி குத்தி வலி போக்கும் ஊசிக்காரர், முதுகு பிடிக்கிறவர், வாசனைத் தைலம் தேய்க்கிற தைலக்காரி, இன்னும் மூன்று பேர், அவள். நாலு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டுப் பன்னிரண்டு விதிகள் எழுதினார்கள். குணமாக்குகிறோம் என்று யாரும் சொல்லக் கூடாது. டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நம் வேலை மருந்தோடு கூடத்தான், மருந்துக்குப் பதிலாக அல்ல என்று சுவரில் எழுதி மாட்ட வேண்டும்.

மூன்றாவது விதி அவளுடைய சொந்தச் சரக்கு. ஒவ்வொரு முறையும், கை வைப்பதற்கு முன்னால், போன முறைக்குப் பிறகு உடம்பில் என்ன மாற்றம், புதிதாக என்ன மருந்து என்று கேட்டு அட்டையில் எழுத வேண்டும். தைலக்காரி முனகினாள். வாரா வாரம் வருகிறவர்களிடமுமா?

"வாரா வாரம் வர்றவங்ககிட்டதான் நாம கேக்க மாட்டோம்" என்றாள் கட்டைவிரல். அதை அவள் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

வெளியாளாகக் கிடைத்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு இந்தச் சிகிச்சை எதிலும் நம்பிக்கை கிடையாது. அதுதான் அவருடைய தகுதி. சிவப்பு மூலை வைத்த நீளமான பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட யாருக்கும் கை வரவில்லை. பேனா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவளிடமே வந்தது. அப்படித்தான் அவள் பதிவு எண் ஒன்று ஆனாள். தைலக்காரி கடைசி, ஏழு. ஏழு அறைகளிலும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பக்கத்திலேயே பன்னிரண்டு விதிகளோடு, புகார் எப்படிக் கொடுப்பது என்று ஒரு தாள், முகவரியோடு. முகவரி அவளுடையது. செயலாளர் அவள்தானே.

தங்களிடம் நோயாளிகளை அனுப்புவார்களா என்று கேட்க, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் வலிப் பிரிவுக்குப் போனாள். அங்கே தலைமை டாக்டர் ஒரு பெண்மணி. சுருக்கமாகப் பேசுகிறவர். எங்கள் நோயாளிகள் எப்படியும் உங்களிடம் வருகிறார்கள், எங்களிடம் சொல்லாமல் வருகிறார்கள், நாங்களே அனுப்பினால் யாரிடம் போகிறார்கள் என்றாவது தெரியும் என்றார். கட்டைவிரலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். பன்னிரண்டு விதிகளையும் படித்தார்.

"இதுவரைக்கும் யாரையாவது நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

"புகாரே வரலைங்க டாக்டர்."

"வரலையா, வர விடலையா?"

டாக்டர் பதிவேட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரு புகார் வரட்டும். அதை நீங்க என்ன பண்ணினீங்கன்னு எழுதிக் கொண்டாங்க. அதுவரைக்கும் இது ஏழு பேர் இருக்கற லிஸ்ட், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து தொடங்கியது தவம். வருகிறவர்களிடமெல்லாம் சுவரிலிருந்த தாளைக் காட்டினாள். குறை இருந்தால் எழுதுங்கள், எழுதினால் எங்களுக்குத்தான் நல்லது என்றாள். குறையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் மேல் வரும் என்று ஏழு பேருக்குள் ஒரு பந்தயம்கூட ஓடியது. பெரும்பாலும் முதுகுக்காரரைச் சொன்னார்கள். அவர் பிடித்தால் எலும்பு பேசும்.

இத்தனைக்கும் பிறகு வந்த உறை.

அறைக்குள் போய், கதவைச் சாத்தி, கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்கினாள். தாள் ஒன்று. அவசரமாக முதல் வரியைத் தாண்டி, யார் மேல் என்று தேடினாள்.

'பதிவு எண் 1.'

திரும்பப் படித்தாள். சுவரில் தன் சான்றிதழைப் பார்த்தாள். அதிலும் ஒன்றுதான்.

எழுதியிருந்தது தையற்காரம்மா. எட்டு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் வருகிறவர். முப்பது வருஷம் மெஷினை மிதித்த கால்கள். இடது பாதத்தின் நடுவே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு. கட்டைவிரலுக்கு அந்தப் பாதம் தன் வீட்டு வாசற்படி மாதிரி பழக்கம். கடிதம் நாலே வரி. போன செவ்வாய்க்கிழமை பிடித்துவிட்ட பிறகு இரண்டு கெண்டைக்காலிலும் கரு நீலமாக ரத்தம் கட்டிக்கொண்டது, ஒரு ராத்திரி முழுக்கப் பயந்து செத்தேன், ஆஸ்பத்திரியில் கேட்டபோது ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த புது மாத்திரையால் என்றார்கள், அந்த மாத்திரையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. இப்படிக்கு.

கேட்காமல் இருப்பேனா என்றுதான் முதலில் தோன்றியது. மூன்றாவது விதி யாருடையது? செருப்புப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தாள். போன செவ்வாய்க்கிழமை தேதி. அதற்கு நேரே அவள் கையெழுத்தில், 'மாற்றம் இல்லை'.

அப்பாடா என்று மூச்சு வந்தது. கேட்டிருக்கிறேன். எழுத்தில் இருக்கிறது. அந்தம்மா சொல்ல மறந்திருப்பார்.

அட்டையைத் திரும்ப வைக்கும்போதுதான் கீழ்வரி கண்ணில் பட்டது. அதிலும் தேதி இருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமையின் தேதி. இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்கு நேரேயும் 'மாற்றம் இல்லை'.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை தோறும் காலையில் டீயை வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வரப்போகிறவர்களின் அட்டைகளை எடுத்துத் தேதி போட்டு வைப்பாள். பழைய ஆட்களுக்குத் தேதியோடு சேர்த்து அந்த இரண்டு வார்த்தையையும் போட்டுவிடுவது. வேலை மிச்சம். தெரிந்த கால்தானே. விதியை எழுதியவள் விதியை நிரப்பிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள். மற்ற பெட்டிகளையும் கவிழ்த்தாள். பதினான்கு அட்டைகள், ஒரே மை, ஒரே சாய்வு. பதினான்கு பேருக்கும் வருகிற வாரம் உடம்பில் ஒரு மாற்றமும் வராது என்று ஜோசியம் எழுதி வைத்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்தார். அட்டையையும் பார்த்தார். நீ இதைப் பிரித்தது யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது. தபால்பெட்டி நம்முடையது, சாவி உன்னிடம். அந்தம்மாவைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டால் முடிந்தது.

"நீங்க ஒரு லிஃப்டைப் பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "பேரு போயிடும்மா" என்றார். இருபது வருஷப் பேச்சில் அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை.

அதுதான் அவளையும் அரித்தது. எண் ஒன்றே தப்புச் செய்தால் மற்ற ஆறின் கதி என்ன? டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பதிவேட்டைக் குப்பைக் கூடையில் போடலாம். சித்தப்பாவுக்குப் புதிதாக ஒரு கேள்வி கிடைக்கும். புகாரை மறைத்தால்? மறைத்தால் பதிவேடு அப்படியே சிவப்பு மூலையோடு இருக்கும். ஏழு பேர் இருக்கிற லிஸ்ட்.

விடிந்ததும் உறையையும் பதினான்கு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். அவர் சட்டையைக் கூடப் போடாமல் வாசலிலேயே நின்று படித்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணி" என்றார். "பதிவேட்டைக் குடுத்துட்டுப் போங்க. இனிமே அது உங்ககிட்ட இருக்கக் கூடாது."

அந்த வார்த்தையில் அவளுக்கு எங்கோ ஓர் ஓரத்தில் மறுபடியும் சிலிர்த்தது. இவ்வளவு பயத்துக்கு நடுவிலா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

விசாரணை ஒரு டியூஷன் சென்டரில் நடந்தது. கரும்பலகையில் பாதி அழித்த பின்னக் கணக்கு. பிள்ளைகள் உட்காருகிற தாழ்ந்த பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். குழுவில் மூன்று பேர்: கண்டக்டர், ஊசிக்காரர், தைலக்காரி. மற்றவர்கள் பின் பெஞ்சில். தையற்காரம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். கட்டைவிரலைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

கண்டக்டர் கேட்கக் கேட்க அவர் சொன்னார். காலைக் காட்டினார். ரத்தக்கட்டு ஓரங்களில் மஞ்சளாகி வடிந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் அதைப் பார்த்தபோது தன் விரல் பட்ட இடங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டாள்.

"ரத்தம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்" என்றார் தையற்காரம்மா. "மருமககிட்ட பீரோ சாவி எங்க இருக்குன்னு எல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் பாத்தா மாத்திரையாம். இவ கெட்டவ இல்லீங்க. கை தங்கம். ஆனா கேக்கல. சுவத்துல எழுதி மாட்டியிருக்கா, கேப்போம்னு. நானும் வாரா வாரம் அதைப் படிச்சிட்டே படுத்திருக்கேன். ஆனா கேக்கல."

ஊசிக்காரர் தொண்டையைச் செருமினார். அட்டையில் மாற்றம் இல்லை என்று இருக்கிறதே, ஒருவேளை கேட்டு, அம்மா கவனிக்காமல், என்று இழுத்தார். அவர் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பது பின் பெஞ்சுக்குக்கூடத் தெரிந்தது. கட்டைவிரல் எழுந்து போய் அட்டையின் கடைசி வரியில் விரலை வைத்தாள். பிறகு மற்ற பதின்மூன்று அட்டைகளையும் மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக வைத்தாள். தேதிகளே பேசின.

கண்டக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"ஏம்மா, பஸ்ஸு கிளம்பறதுக்கு முன்னாடியே டிக்கெட்டையெல்லாம் கிழிச்சுப் பையில போட்டுக்கறதா? எவன் ஏறுவான், எவன் ஏற மாட்டான்னு உனக்கென்ன தெரியும்?"

"தெரியாதுங்க."

"எங்க டிப்போவுல இதைப் பண்ணினவன் ஒருத்தன் இருந்தான். நல்ல பையன். என் மச்சான்தான். நான்தான் மாட்டிவிட்டேன்."

ஊசிக்காரர் எழுந்தார். இருபது வருஷத்தில் இது முதல் தடவை, ஒப்புக்கொள்ளவும் செய்கிறார், இந்தக் குழுவையே உண்டாக்கியவர், எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். பின் பெஞ்சில் தலைகள் ஆடின. எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. கண்டக்டர் மட்டும் ஆடாமல் இருந்தார்.

"இதையே எண் ஏழு பண்ணியிருந்தா?"

எண் ஏழு குழுவின் மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைன்னா ஆறு வாரம் நிறுத்தியிருப்பீங்க" என்றாள் தைலக்காரி. சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல வாயில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். "ஆமா. அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஆறு வாரம்."

கட்டைவிரலுக்குக் கோபம் வரவில்லை. அவள் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. அது பயம் இல்லை என்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. வீட்டுக்காரர் ஒருமுறை சொல்லியிருந்தார். மாதக் கணக்கில் பாகம் பாகமாகக் கோத்து, மோட்டாரைப் பொருத்தி, கடைசியில் பொத்தானை அழுத்தும்போது, பெட்டி தானாக அசைந்து மேலே கிளம்புகிற அந்த நொடி. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை, அதுவாகப் போகிறது. அப்போது உள்ளே இருப்பவன் தான் என்றால் என்ன, அடுத்தவன் என்றால் என்ன.

"ஆறு வாரம் சரி" என்றாள். "கூட ஒண்ணு எழுதிக்குங்க. அந்த வரியை இனிமே நாங்க எழுதக் கூடாது. வர்றவங்கதான் அவங்க கையால எழுதணும்."

கண்டக்டர் பதிவேட்டைத் திறந்து, எண் ஒன்றுக்கு நேரே சிவப்பு மையில் இரண்டு தேதிகளைப் போட்டார், நிறுத்திய நாளும் திரும்பும் நாளும். நடுவில், வருகிறவரிடம் விவரம் கேட்டு எழுதுகிற பாடத்தை மறுபடி பன்னிரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்றும் எழுதினார். தீர்ப்பின் நகலை ஏழு அறைகளிலும் மாட்ட முடிவாயிற்று. எட்டாவது நகலைத் தையற்காரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். மருமகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை காலை, வேலை இல்லாத கைகளோடு, ஒன்பதாவது நகலை எடுத்துக்கொண்டு அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

"யாரு இந்த எண் ஒன்று?"

"நான்தாங்க."

"புகாரை முதல்ல பிரிச்சது?"

"அதுவும் நான்தான்."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே."

"போட்டிருக்கலாம்."

டாக்டர் தாளை மேஜையில் வைத்தார். புகழ்ந்து ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள்.

"அதான் ஓட்டை. கிழிச்சுப் போட முடியற இடத்துக்குப் புகார் வரக் கூடாது. முகவரியை மாத்துங்க, கண்டக்டர் வீட்டுக்குப் போகட்டும். மாத்திட்டு ஏழு பேர் லிஸ்டைக் கொடுங்க, நோட்டீஸ் போர்டுல போடறேன்." பேனாவைத் திறந்து தன் நாட்காட்டியில் எதையோ குறித்தார். "உங்க பேருக்கு நேரா அந்த ரெண்டாவது தேதியைப் போடுங்க. அதுக்கு ஒரு நாள் முன்னாடி கூட உங்ககிட்ட ஆள் அனுப்ப மாட்டேன்."

வெளியே வந்தவள் படியை மறந்து லிஃப்டில் ஏறினாள். கண்ணுக்கு நேரே சட்டத்துக்குள் ஒரு தாள். சோதித்தவர், தேதி, எத்தனை பேர், எவ்வளவு எடை. முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தாள். கீழ்த்தளம் வந்து, கதவு திறந்து, மூடி, லிஃப்ட் மறுபடி மேலே கிளம்பிவிட்டது. கூட ஏறியவர்கள் அந்தத் தாளில் அப்படி என்ன சிரிப்பு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஆறு வாரம் லேசில் போகவில்லை. கட்டைவிரல்கள் இரண்டும் வேலை கேட்டன. மேஜை விளிம்பை அழுத்தின, சோப்பை அழுத்தின. ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் களைத்து வந்து காலைத் தூக்கி அவள் மடியில் போட்டார். அவள் எடுத்துக் கீழே வைத்தாள். தடை இருக்கிறது. புருஷன் காலுக்குமா என்றார். விதியில் விலக்கு எதுவும் எழுதவில்லை என்றாள். அப்படியானால் நானும் ஒரு புகார் எழுதுகிறேன் என்று அவர் தாள் தேடினார். பன்னிரண்டு மணி நேரப் பாடத்தையும் படித்து முடித்தாள். சொல்லிக்கொடுத்தவளுக்கு அவள் மகள் வயது. நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். சித்தப்பா ஒரு நாள் போன் செய்து, உன்னை நிறுத்திவிட்டார்களாமே என்று ஆரம்பித்தார். அவள் ஆமாம் என்று உற்சாகமாக ஆதியோடு அந்தமாகச் சொல்ல, அவர் பாதியிலேயே, சரிம்மா, அந்த முதுகுக்காரர் பதிவில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துச் சொல் என்று போனை வைத்துவிட்டார்.

நிறுத்தம் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை. பத்தொன்பது படிகளிலும் யாரோ நின்று நின்று ஏறி வருகிற சத்தம். அவளுக்கு அந்தக் காலடி தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தையற்காரம்மா உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். சான்றிதழ், அதன் பக்கத்தில் தீர்ப்பு, அதற்குப் பக்கத்தில் புது முகவரியோடு புகார்த் தாள்.

"மூணும் நேரா மாட்டல" என்றார். "வலது பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு." அவரே போய்ச் சரி செய்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார்.

கட்டைவிரல் துண்டை விரிக்கவில்லை. அட்டையையும் பேனாவையும் நீட்டினாள்.

"போன தடவைக்கு அப்புறம் என்ன மாற்றம்க்கா? உடம்புல, மருந்துல. நீங்களே எழுதுங்க."

"என்ன வேணா எழுதலாமா?"

"எழுதுங்க."

தையற்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். கோடு போட்டது மாதிரி நேரான வரிகள். மாத்திரையின் பெயர், காலையில் பாதி, சாயங்காலம் முழுது. ரத்தப் பரிசோதனைத் தேதி. கணுக்காலில் வீக்கம், சாயங்காலம் மட்டும். அட்டை நிறைந்தது. திருப்பினார். தூக்கம் சரியில்லை. மருமகள் வேலை மாறிவிட்டாள், அதனால் இப்போது சமையல் நான்தான், நிற்பது அதிகம். மெஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று, மிதிப்பது இல்லை. பின்பக்கமும் நிறைந்தது. இன்னொரு அட்டை கொடு என்று எழுதுவதை நிறுத்தாமலே இடது கையை நீட்டினார்.

கட்டைவிரல் செருப்புப் பெட்டியிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். மெஷினை மிதிப்பது நின்றுவிட்டதா? எட்டு வருஷம் பிடித்த பாதம். அந்த முடிச்சு இந்நேரம் இளகத் தொடங்கியிருக்குமோ? தொட்டுப் பார்க்க விரல்கள் துடித்தன.

தையற்காரம்மா இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.